முப்பது நாளைக்குக் கையெழுத்து வேண்டாம்

எனக்குக் கொடுத்த அறைக்குத் தாழ்ப்பாள் இல்லை. 2002இல் தருமபுரி மாவட்டத்து அரசு மருத்துவமனை ஒன்றில் எச்.ஐ.வி. ஆலோசகராக ஒப்பந்தத்தில் சேர்ந்தேன். அதற்கு முன் அந்த அறையில் குளுக்கோஸ் அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். ரகசியம் காப்பதுதான் இந்த வேலைக்கு உயிர் என்று பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். இங்கே வந்தால் கதவு காற்றுக்குத் திறந்துகொள்கிறது. இரண்டாம் நாள் வீட்டிலிருந்து ஒரு செங்கல்லைப் பையில் போட்டு எடுத்துவந்து கதவுக்குப் பின்னால் வைத்தேன். நான்கு வருடம் அந்தச் செங்கல்தான் தாழ்ப்பாள். உள்ளே வருகிற பெண்கள் உட்கார்ந்ததும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். அந்தச் செங்கல் சரியாக இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள்.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில். டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் ஆய்வு மாணவியாக இருந்த நிர்மலாவும் கண்டறிந்தார்கள். எங்கள் மாவட்டத்துக்கு அது எப்போது வந்தது என்று யாரும் குறித்து வைக்கவில்லை. வந்த வழி மட்டும் எல்லோருக்கும் தெரியும். மழையை நம்பி ராகியும் கொள்ளும் போடுகிற மண் இது. மழை பொய்த்தால் ஆண்கள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்கும், கேரளாவுக்குக் கல் உடைக்கவும் போவார்கள். போர்வெல் வண்டியில் ஏறி வடநாட்டுக்குப் போவார்கள். லாரி ஏறுவார்கள். தொப்பூர் கணவாயில் இறங்குகிற லாரிகளில் கிளீனராகப் போய் டிரைவராகத் திரும்பியவர்கள் எத்தனையோ பேர். ஆறு மாதம், எட்டு மாதம் கழித்துக் கையில் காசோடு வீட்டுக்கு வந்தவர்கள் சிலர் காசோடு இதையும் கொண்டுவந்தார்கள். வீட்டைவிட்டு எங்கும் போகாத பெண்கள் வாங்கிக்கொண்டார்கள்.

நான் சேர்ந்த மறு வருடம் சுவரெங்கும் ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்று விளம்பரம். ஊர் முழுக்கப் புள்ளிராஜாவைப் பற்றியே பேச்சு. அவன் மனைவிக்கு வந்தால் அவள் எங்கே போவாள் என்று எந்தச் சுவரிலும் எழுதவில்லை. அவள் என் அறைக்குத்தான் வந்தாள்.

பெரும்பாலும் கர்ப்பத்தில் வருவார்கள். முதல் பிரசவத்துக்குப் பரிசோதிக்க வந்த இடத்தில் ரத்தம் எடுப்பார்கள், ‘ரியாக்டிவ்’, அதாவது கிருமி இருக்கிறது, என்று சீட்டு வரும். வீட்டில் முதலில் தெரிந்தது இவளுக்கு என்பதாலேயே இவள்தான் கொண்டுவந்தாள் என்று ஆகிவிடும். புருஷனைப் பரிசோதனைக்குக் கூட்டி வருவதற்குள் பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மற்றவர்கள் புருஷன் சாகக் கிடக்கும்போது வந்தவர்கள், அல்லது அவன் செத்த பிறகு வந்தவர்கள்.

அப்படி வந்தவர்களில் பாலக்கோடு பக்கத்துப் பெண் ஒருத்தியைத்தான் நான் முதலில் சொல்ல வேண்டும். 2003இல் அவளுக்கு 23 வயது, இடுப்பில் இரண்டு வயதுப் பெண் குழந்தை. புருஷன் லாரி டிரைவர். அதற்கு இரண்டு வருடம் முன்புதான், 2001இல், சிப்லா கம்பெனி மூன்று மருந்து சேர்ந்த சிகிச்சையை ஒரு நாளைக்கு ஒரு டாலருக்கும் குறைவாகத் தருகிறேன் என்று அறிவித்திருந்தது. அதுவரை மேல்நாட்டில் வருடத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் விற்ற மருந்து அது. உலகமே அந்த அறிவிப்பைப் பேசியது. ஆனால் அந்த ஒரு டாலரும் பாலக்கோட்டுக்கு வரும்போது மாதம் ஒரு கறவை மாட்டின் பால் காசு. அவள் இரண்டு மாட்டை விற்றாள், தாலிக்கொடியை விற்றாள். புருஷனுக்கு ஏழு மாதம் மாத்திரை வாங்கினாள். தனக்கு ஒரு நாளும் வாங்கவில்லை. “அவரு எந்திரிச்சுட்டா எனக்கு அவரு வாங்கித் தருவாருங்க்கா” என்றாள். அவன் எழுந்திருக்கவில்லை.

காரியம் முடிந்து வந்தாள். கையில் ஒரு பழைய மஞ்சள் பை. இனி எங்கே இருக்கிறாய் என்று கேட்டேன். அம்மா வீட்டில் என்றாள். அவர்களுக்கு இருந்த நிலம்? “அதான் பதினாறாம் நாள் கையெழுத்துப் போட்டுட்டேனே.” பையிலிருந்து எடுத்துக் காட்டிய தாள் விடுதலைப் பத்திரத்தின் நகல். பூர்வீக நிலத்தில் புருஷனுடைய பாகத்தில் தனக்கும் குழந்தைக்கும் உள்ள உரிமையை மச்சாண்டாருக்கு விட்டுக்கொடுப்பதாக எழுதியிருந்தது. பதிவு அலுவலகத்துக்கு டாக்ஸி வைத்துக் கூட்டிப் போயிருக்கிறார்கள். வைத்தியச் செலவு, காரியச் செலவு போக அவள் கையில் ஐயாயிரம் ரூபாய். “நீயும் ரொம்ப நாளைக்கு இருக்கப் போறதில்ல, உனக்கு எதுக்கு நிலம்னு கேட்டாங்க. எனக்கும் அது சரின்னு பட்டுச்சு.”

அந்த ஒரு வாக்கியம் என் வேலையையே மாற்றியது. அதுவரை நான் கற்றிருந்தது நோய் எப்படிப் பரவும், எப்படிப் பரவாது, ஆணுறையை எப்படிப் பயன்படுத்துவது, மனம் உடைந்தவரிடம் எப்படிப் பேசுவது என்பதுதான். சாகப்போகிறவளுக்கு நிலம் எதற்கு என்று ஒரு குடும்பம் கேட்கும், அவளே அதை ஒப்புக்கொள்வாள் என்று எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் இல்லை. அடுத்த மாதம் விடுப்பு எடுத்துக்கொண்டு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனேன். பெண்ணாக இருந்தாலே போதும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. அங்கிருந்த வக்கீல் அம்மா எனக்கு ஒரு மத்தியானம் முழுக்கப் பாடம் எடுத்தார். செத்தவன் பாகத்தில் மனைவி, பிள்ளைகள், அவனைப் பெற்ற தாய் எல்லோருக்கும் சம பங்கு. வாரிசுச் சான்றிதழைத் தாசில்தார் தருவார், அதில் மனைவி பெயர் இருக்க வேண்டும். வயதுக்கு வராத பிள்ளையின் பங்கை நீதிமன்ற அனுமதி இல்லாமல் தாய் எழுதிக் கொடுத்தால் அது நிலைக்காது, பிள்ளை 18 வயதானதும் மூன்று வருடத்துக்குள் வழக்குப் போடலாம். இந்தக் கடைசி விஷயத்தை என் நோட்டில் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டேன்.

அன்றிலிருந்து புருஷனை இழந்து வந்த ஒவ்வொரு பெண்ணிடமும் ரத்தப் பரிசோதனையைப் பற்றிப் பேசும் முன்பே ஒன்று சொல்லத் தொடங்கினேன்: “முப்பது நாளைக்கு யார் எந்தத் தாளை நீட்டினாலும் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதே. அழுதுட்டே இரு, மயக்கமா இருக்குன்னு சொல்லு, எது வேணாலும் சொல்லு. கையெழுத்து மட்டும் வேண்டாம்.” முப்பது நாள் என்பது எனக்குத் தோன்றிய கணக்குதான். சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை. முப்பது நாள் தாண்டினால் ஊர்க்காரர் கவனம் வேறு பக்கம் போகும், அவளுக்கும் அழுகை கொஞ்சம் அடங்கி யோசனை வரும் என்பது என் அனுமானம். அது பலித்தது. காரிமங்கலம் பக்கம் ஒரு பெண் அப்படி முப்பது நாள் கடத்தி, அதன்பின் தன் பங்கான ஒன்றரை ஏக்கரைப் பிரித்து வாங்கினாள். பாதியில் மல்பெரி வைத்தாள். தருமபுரியில் பட்டுக்கூடு அங்காடி இருப்பதால் விற்க அலைய வேண்டியதில்லை. புழு நான்கு முறை தோல் உரிக்கும், ஒவ்வொரு தடவையும் தின்னாமல் தலையைத் தூக்கிக்கொண்டு படுத்துக் கிடக்கும், அப்போது தொடக்கூடாது என்பாள். “நானும் ஒரு வருசம் அப்படித்தாங்க்கா கெடந்தேன்” என்று ஒருநாள் அவளாகச் சொன்னாள்.

நான் செய்த தவறு ஒன்றையும் எழுத வேண்டும். 2005இல் ஒரு பெண் இரண்டு மாதமாக வரவில்லை. கவலையில், தெரிந்த தொண்டு நிறுவனத்தின் ஜீப்பில் அவள் ஊருக்கே போய்விட்டேன். ஜீப்பின் முகப்பில் எய்ட்ஸ் விழிப்புணர்வுச் சின்னமான சிவப்பு ரிப்பன் படம் இருந்தது எனக்கு உறைக்கவில்லை. அரை மணி நேரம் பேசிவிட்டு, அவள் கையால் காப்பி குடித்துவிட்டு, நல்ல காரியம் செய்த திருப்தியோடு திரும்பினேன். அடுத்த வாரமே பொதுக்குழாயில் அவள் குடத்தைத் தனியாக வைக்கச் சொன்னார்கள். பிள்ளையைப் பள்ளியில் கடைசியில் உட்கார வைத்தார்கள். அவள் மூட்டை கட்டிக்கொண்டு திருப்பூருக்குப் போய்விட்டாள். போகும் முன் என் அறைக்கு வந்து, செங்கல்லை அவளே நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னாள்: “நீங்க நல்லதுக்குத்தான் வந்தீங்க. ஆனா என் வியாதிய யாருக்குச் சொல்லணும்ங்கிறது எங்கிட்ட இருந்த ஒரே சொத்து.” அவள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே நிலைத்துவிட்டாள் என்று பின்னால் தெரிந்தது. அதனால் என் தவறு சரியாகிவிடாது.

அதன்பின் நான் எந்த வீட்டுக்கும் போகவில்லை. காரிமங்கலத்தில் செவ்வாய்ச் சந்தையில் சந்திப்போம். தக்காளிக் கூடைக்கு நடுவே நின்று அரை கிலோ வெண்டைக்காய் பேரம் பேசுகிற மாதிரி மாத்திரையைப் பற்றிப் பேசுவோம். சந்தையில் எந்தப் பொம்பளை எந்தப் பொம்பளையிடம் என்ன பேசுகிறாள் என்று யாரும் பார்ப்பதில்லை. யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது, சொல்லாமலே விடுவதா என்ற முடிவை ஒரு பெண் தானே எடுத்த நாளிலிருந்துதான் அவள் நிமிர்ந்து உட்காருவாள். இதைப் பல வருடம் பார்த்துத்தான் எழுதுகிறேன். அம்மாவிடம் மட்டும் சொன்னவர்கள் உண்டு. பத்தாவது படிக்கும் மகனிடம் சொன்னவர்கள் உண்டு. இருபது வருடமாக யாரிடமும் சொல்லாமல், சுகர் மாத்திரை என்று சொல்லியே சாப்பிட்டு வருகிறவரும் உண்டு. மூன்று விதமானவர்களும் நன்றாகவே இருக்கிறார்கள்.

2004 ஏப்ரலில் அரசு இலவசமாகக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கியது. தமிழ்நாட்டில் முதலில் கொடுத்த இடம் தாம்பரம் சானட்டோரியம். எங்கள் பெண்கள் மொரப்பூரில் இரவு ரயில் ஏறி, விடியற்காலை சென்ட்ரலில் இறங்கி, எதிரே பார்க் ஸ்டேஷனில் மின்சார ரயில் பிடித்துத் தாம்பரம் பக்கம் போய் வரிசையில் நிற்பார்கள். நான்கு பேராகச் சேர்த்து அனுப்புவேன். ஒருத்திக்கு எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும், ஒருத்திக்கு உடம்பில் கொஞ்சம் தெம்பு இருக்க வேண்டும், இவ்வளவுதான் என் கணக்கு. ஆனால் அந்த ரயிலில் நடந்தது என் கணக்கில் வராதது. ராத்திரி முழுக்க அவர்கள் ஒருத்தியோடு ஒருத்தி பேசினார்கள். என் அறையில் மாதக்கணக்காக வாய் திறக்காதவர்கள், பொதுப்பெட்டியில் கழிப்பறைக் கதவோரம் காகிதம் விரித்து உட்கார்ந்து பேசினார்கள். அந்த நால்வர் கூட்டங்களிலிருந்துதான் பின்னால் எங்கள் பகுதியில் சீட்டுக் குழு வந்தது, தையல் குழு வந்தது, ஒருத்தி சாகும்போது அவள் பிள்ளையை இன்னொருத்தி வளர்ப்பது வந்தது. நாமக்கல் பக்கத்திலிருந்து போன பி. கௌசல்யாவும் வேறு பெண்களும் சேர்ந்து 1998இலேயே சென்னையில் எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கென்று ஒரு கூட்டமைப்பைத் தொடங்கியிருந்தார்கள். அவர் பெயரைச் செய்தித்தாளில் படித்துக் காட்டினால் நம் பக்கத்துப் பெண்ணா என்று கேட்டு வாங்கிப் படத்தைப் பார்ப்பார்கள்.

சேலத்திலும், பிறகு தருமபுரியிலும் மருந்து கிடைக்கத் தொடங்கியதும் அந்த ரயில் பயணம் நின்றது. வசதிதான். ஆனால் அந்தப் பேச்சும் நின்றது. அதனால் மருந்து வாங்கும் நாளில் வரிசையில் நிற்கிறவர்களுக்கு ஒரு மணி நேரம் மரத்தடியில் உட்கார இடம் கேட்டுப் போராடினேன். அலுவலகத்தில் அதைத் தேவையில்லாத செலவு என்றார்கள். கடைசியில் இரண்டு பெஞ்சு வாங்கிப் போட்டது அந்தப் பெண்களின் சீட்டுப் பணம்தான்.

அந்தக் காலத்து மருந்தைப் பற்றி இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. ஸ்டாவுடின் என்ற மாத்திரை அதில் இருந்தது. உயிரைக் காப்பாற்றியது அதுதான். ஆனால் ஒரு வருடம், இரண்டு வருடம் சாப்பிட்டால் கன்னத்துச் சதை கரைந்துவிடும். கை கால் குச்சியாகும், நரம்பு தெரியும், பாதம் எரியும். உடம்பு தேறிய பெண்ணுக்கு முகம் காட்டிக்கொடுத்துவிடும். கல்யாணத்துக்குப் போனால் “ஏன் இப்படி ஒட்டிப்போயிட்ட” என்ற கேள்வி. ஒருத்தி இரண்டு கன்னத்திலும் வெற்றிலையை அடக்கிக்கொண்டு போட்டோ எடுத்து எனக்குக் காட்டினாள். அழகுக்கு ஆசைப்படுகிறாள் என்று ஒரு மருத்துவர் கடிந்துகொண்டார். அது அழகுக்கான ஆசை இல்லை, வேலைக்கான கவலை. அவள் பள்ளியில் சமையல் வேலைக்கு மனுப் போட்டிருந்தாள். பிறகு அந்த மாத்திரையை நிறுத்தினார்கள், டெனோஃபோவிர் வந்தது. 2020க்குப் பிறகு டோலுடெக்ராவிர் சேர்ந்த ஒரே மாத்திரை, ஒரு நாளைக்கு ஒன்று. 2017 வரை உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் சிடி4 அணுக்கள் இவ்வளவுக்குக் கீழே இறங்கினால்தான் மருந்து என்று இருந்தது. முதலில் 200, பிறகு 350, பிறகு 500. உடம்பு இன்னும் கெடட்டும், அப்புறம் வா என்று ஒரு பெண்ணிடம் சொல்லித் திருப்பி அனுப்புவதுதான் என் வேலையில் இருந்ததிலேயே கொடியது. 2017இல் சிடி4 எவ்வளவாக இருந்தாலும் மருந்து என்று ஆனது. அன்று நான் கோயிலுக்குப் போனேன்.

இனிப் பிள்ளைகளைப் பற்றி. மருந்து ஒன்றும் கொடுக்காவிட்டால் தாயிடமிருந்து நூற்றுக்கு 15 முதல் 45 குழந்தைகளுக்கு நோய் போகலாம். சரியாக மருந்து கொடுத்தால் 5க்குக் கீழே கொண்டுவரலாம். ஆரம்பத்தில் எங்களிடம் இருந்தது பிரசவ வலி வந்ததும் தாய்க்கு ஒரு நெவிரபின் மாத்திரை, பிறந்த மூன்று நாளுக்குள் பிள்ளைக்குச் சில சொட்டு மருந்து. அவ்வளவுதான். அந்த ஒற்றை மாத்திரையைப் புடவை முந்தானையில் முடிந்துகொண்டு திரிந்த பெண்களை நான் அறிவேன். நடுராத்திரியில் வலி வந்தால் மாமியாருக்குத் தெரியாமல் வாயில் போட்டுக்கொள்ள வேண்டுமே.

பிள்ளை பிறந்த பிறகு காத்திருப்பு. தாயின் எதிரணுக்கள் பிள்ளை ரத்தத்தில் இருக்கும் என்பதால் 18 மாதம் ஆன பிறகுதான் பரிசோதனை. ஆறு வாரத்திலேயே குதிகாலில் ஊசி குத்தி அட்டையில் ரத்தப்பொட்டு எடுத்து அனுப்பும் முறை 2010 வாக்கில்தான் வந்தது. அதற்கு முன் பென்னாகரம் பக்கத்துப் பெண் ஒருத்தி, கூலி வேலைக்குப் போகிறவள், அந்த 18 மாதத்தில் பிள்ளைக்குப் பெயர் வைக்கவில்லை. “குட்டி” என்றுதான் கூப்பிட்டாள். தாய்ப்பால் கொடுப்பதா வேண்டாமா என்று நான் இரண்டையும் விளக்கிச் சொன்னபோது, “பால் மாவுக்குக் காசு நீங்க தர்றீங்களா, நல்ல தண்ணி நீங்க தர்றீங்களா?” என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. எங்கள் மாவட்டத்துத் தண்ணீரில் ஃபுளோரைடு எவ்வளவு என்பது பிள்ளைகளின் பல்லைப் பார்த்தாலே தெரியும், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் அப்போது வரவில்லை. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுத்தாள், வேறு ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. பாட்டி தேன் தொட்டு வைக்க வந்தபோது சண்டை போட்டுத் தடுத்தாள். 18 மாதம் முடிந்த மறுநாள் காலை ஆறு மணிக்கே மருத்துவமனை வாசலில் நின்றாள். முடிவு ‘நான்-ரியாக்டிவ்’. சீட்டைக் கையில் கொடுத்தேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. சீட்டை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்தாள். “அப்ப நான் நாளையிலிருந்து வேலைக்குப் போகணும்” என்றாள். ஒகேனக்கலில் மீன் வறுத்து விற்கும் கடையில் எடுபிடியாகச் சேர்ந்தாள். இன்று சொந்த அடுப்பு, சொந்தக் கடாய். அந்தக் குட்டி இப்போது நர்சிங் படிக்கிறாள்.

எல்லோரும் பிழைக்கவில்லை. உடம்பு தேறியதும் இனி எதற்கு என்று மாத்திரையை நிறுத்தியவர்கள் இருந்தார்கள். கேரளாவில் முழுசாகக் குணப்படுத்துகிற மருந்து இருக்கிறது என்று போய்ப் பணத்தையும் இழந்து, நடுவில் எங்கள் மருந்தையும் விட்டவர்கள் இருந்தார்கள். அரூர் பக்கம் ஒரு பெண், என்னிடம் மிக ஒட்டுதலாக இருந்தவள், இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டாள். புதுப் புருஷனிடம் சொல்லவில்லை, அதனால் மாத்திரையை வீட்டில் வைத்துக்கொள்ள முடியவில்லை. மாட்டுக்கொட்டகையில் ஒளித்து வைத்த டப்பா மழையில் நனைந்து போனது. கேட்டு வாங்க வெட்கப்பட்டு நான்கு மாதம் வராமல் இருந்துவிட்டாள். காசநோய் வந்தது. அவளை மருத்துவமனையில் பார்த்தபோது என்னை ‘அம்மா’ என்று கூப்பிட்டாள். அதற்கு முன் எப்போதும் ‘அக்கா’ என்பாள்.

மறுமணத்தைப் பற்றி நான் நிறைய மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. ஆரம்பத்தில் எனக்கே பயம், உள்ளூர ஒரு அருவருப்பும் இருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். இந்த நோயோடு இன்னொரு கல்யாணமா என்று. மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு அடங்கிவிட்டால் உடலுறவின் வழியாக இன்னொருவருக்குப் பரவாது என்று இன்று மருத்துவம் உறுதியாகச் சொல்கிறது. அது தெரியும் முன்பே, மருந்து வரிசையில் பழகி, இருவரும் தங்கள் நோயை முதலிலேயே சொல்லிக்கொண்டு கல்யாணம் செய்தவர்கள் எங்களிடம் இருந்தார்கள். ஒரு கல்யாணம் தீர்த்தமலையில் நடந்தது. எட்டுப் பேர் போயிருந்தோம். பெண்ணின் அண்ணன் கடைசி நிமிடத்தில் வந்து நின்றார், ஒன்றும் பேசாமல் மாப்பிள்ளைக்கு ஒரு கைக்கடிகாரத்தைக் கட்டிவிட்டுப் போனார். மாத்திரை நேரம் பார்க்க.

நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ளாத ஒன்று, பிழைத்து வந்த பெண்களை மேடையில் ஏற்றுவது. டிசம்பர் 1, உலக எய்ட்ஸ் நாள் வந்தால் ஒவ்வோர் இடத்திலும் ஒரு ‘பாசிட்டிவ் பெண்’ தேவைப்படுவாள். அழுது பேச வேண்டும், கூட்டம் கை தட்ட வேண்டும், சால்வை போட வேண்டும். தானாக விரும்பிப் பேசியவர்கள் இருந்தார்கள், அவர்கள் பேச்சால் கல்லூரிப் பிள்ளைகள் பயம் தெளிந்ததை நான் கண்ணால் பார்த்தேன். ஆனால் என்னிடம் பெயர் கேட்டு வருகிறவர்களுக்கு நான் பெயர் கொடுத்ததில்லை. பாலக்கோட்டுப் பெண்ணை ஒருமுறை ஓர் அமைப்பு பேசக் கூப்பிட்டது. “பேசறேன், ஆனா எனக்கு அன்னைக்குக் கூலி எவ்வளவு?” என்று கேட்டாள். அவர்கள் முகம் சுளித்தார்கள். அவள் கேட்டது நியாயம். தன் வாழ்க்கையைச் சொல்வதும் ஒரு நாள் வேலைதானே.

அவள் அப்போது களப்பணியாளராக இருந்தாள். எச்.ஐ.வி. உள்ளவர்களையே இந்த வேலைக்கு எடுப்பது நல்ல ஏற்பாடு. மருந்தை நிறுத்தியவர்களைத் தேடிப்பிடிப்பதில் எங்களைவிட அவர்கள் கெட்டிக்காரர்கள். டிவிஎஸ் எக்ஸ்எல் ஓட்டக் கற்றுக்கொண்டாள். 2020 ஊரடங்கில் பஸ் ஓடாதபோது, பாஸ் வாங்கிக்கொண்டு, மாத்திரை டப்பாக்களைக் காய்கறிப் பைக்கு அடியில் வைத்து, ஏரியூர் வரைக்கும் போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். வீட்டு வாசலில் நிற்க மாட்டாள். ஊருக்கு வெளியே புளியமரத்தடியில் நிற்பாள். என் ஜீப் கதையை அவளுக்கு நான்தான் சொல்லியிருந்தேன். இந்த வேலை செய்கிற பெண்களுக்குக் கொடுக்கும் சம்பளம் வெட்கப்பட வேண்டிய அளவுக்குக் குறைவு. திட்டம் மாறும்போதெல்லாம் முதலில் வெட்டுவது அவர்கள் வேலையைத்தான். நானும் ஒப்பந்தக்காரிதான், ஆனால் எனக்குப் பட்டம் இருந்தது, பேச இடம் இருந்தது. அவர்களுக்கு அது இல்லை.

சின்னச் சின்ன மாற்றங்கள் எவ்வளவு செய்தன என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. 2021 மே மாதம் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனபோது, மருந்து வாங்க வருவதற்கு மகனிடமோ மாமனாரிடமோ பஸ் காசு கேட்க வேண்டிய அவசியம் போனது. எங்கே போகிறாய் என்ற கேள்வியும் பாதி போனது. விதவை உதவித்தொகை 2011இல் ஆயிரம் ரூபாய் ஆனபோது, மூன்று பெண்கள் அந்தப் பணத்தை நம்பித் தனிவீடு வாடகைக்குப் பிடித்தார்கள். 2017இல் எச்.ஐ.வி. சட்டம் வந்து, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. வீட்டைவிட்டு வெளியே போ என்று சொல்ல முடியாது, சேர்ந்து வாழும் வீட்டில் இருக்க அவளுக்கு உரிமை உண்டு என்று அதில் எழுதியிருக்கிறது. சம்மதம் இல்லாமல் நோயை வெளியே சொல்லக் கூடாது என்றும் எழுதியிருக்கிறது. அந்தச் சட்டத்தைப் பற்றி நான் கேட்ட பெண்களில் பத்தில் ஒருத்திக்குக்கூடத் தெரியவில்லை.

முதுமையைப் பற்றி எங்கள் பயிற்சியில் ஒரு வார்த்தை இல்லை, ஏனென்றால் யாரும் முதுமை அடைவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை. இப்போது 50ஐத் தாண்டிய பெண்கள் மூட்டுவலி, சுகர், பிரஷர் என்று வருகிறார்கள். இந்த நோய் உள்ள பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஆறு மடங்கு என்பதால், ஓய்வு பெறும் முன் என் கடைசி இரண்டு வருடத்தில் அந்தப் பரிசோதனைக்கு அனுப்புவதையே பிடிவாதமாகச் செய்தேன். “இதுக்குத் தப்பிச்சு அதுக்குப் போறதா” என்று திட்டிக்கொண்டே போவார்கள். போவார்கள், அதுதான் எனக்கு வேண்டியது.

பாலக்கோட்டுப் பெண்ணின் மகளுக்கு 2019இல் 18 வயது முடிந்தது. என் பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். மகள் தன் பங்குக்கு வழக்குப் போட்டாள். பெரியப்பா முதலில் கத்தினார். வக்கீல் விடுதலைப் பத்திரத்தின் நகலைக் காட்டியதும் சமரசத்துக்கு வந்தார். 38 சென்ட் பிரித்துக் கொடுத்தார், கிணற்றுத் தண்ணீரில் வாரம் ஒரு முறை பாத்தியம். அங்கே இப்போது சாமந்தி போட்டிருக்கிறார்கள். மஞ்சள் பையிலிருந்த அந்த நகலை அவள் 16 வருடம் கிழியாமல் வைத்திருந்தாள்.

நீங்கள் இழவு வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போவீர்கள். இளம் வயதில் புருஷனை இழந்தவள் மூலையில் உட்கார்ந்திருப்பாள். அவன் எதனால் செத்தான் என்று விசாரிக்க வேண்டாம், அது உங்களுக்குத் தேவையில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, யார் எந்தத் தாளை நீட்டினாலும் முப்பது நாளைக்குக் கையெழுத்துப் போடாதே என்று மட்டும் அவள் காதில் சொல்லிவிட்டு வாருங்கள். ரத்தப் பரிசோதனை, மருந்து பற்றிக் கேட்க வேண்டுமானால் 1097 என்ற எண்ணை அழைக்கலாம். கட்டணம் இல்லை.